கீழே இறங்கியவள் என்ன ஆனாள்? ஒரு கதை நிறுவனத்துக்குத் திறந்த மடல்

கதைப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் ஒலித்தொடரின் 146ஆவது எபிசோடில் இளைய மகள், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜுக்குள் ஏறுகிறாள். கம்பிக் கதவைச் சாத்துகிறார்கள். மணி அடிக்கிறது. இரும்புக் கயிறு ஓடும் சத்தம் கீழே கீழே போய்த் தேய்ந்து அடங்குகிறது. அதற்கப்புறம் ஒரு விளம்பரக் குரல் வருகிறது: இளையவளுக்கு என்ன ஆனது என்பதை எங்கள் புதிய கேமில் விளையாடித் தெரிந்துகொள்ளுங்கள், மூத்தவளின் கதையை வீடியோ தொடரில் பாருங்கள்.

முதல் எபிசோடில் இருந்து கேஜ் இறங்குவது வரை தமிழ் எழுதியவள் நான். விளம்பரக் குரல் பேசும் அந்த வரிகள் நான் எழுதியவை இல்லை. எபிசோடு வெளியான அன்று காலையில், எல்லோரையும் போல, ஆப்பில்தான் அவற்றைக் கேட்டேன்.

கேமில் தமிழ் இல்லை. வீடியோ தொடரிலும் தமிழ் இல்லை. இரண்டையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டிருக்கிறீர்கள். கோலார் தங்கவயலில் நடக்கும் கதை, தமிழ்க் குடும்பத்தின் கதை, மூன்று வருடம் தமிழில் சொன்ன கதை. அதன் முடிவு தமிழில் எங்குமே இல்லை. நான் எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது: தமிழ் ஒலித்தொடர் தன் பயணத்தை வெற்றிகரமாக நிறைவு செய்துவிட்டது என்று. ஒரு பெண்ணைச் சுரங்கத்துக்குள் இறக்கி, விளக்கை அணைத்துவிட்டுப் போவதை நிறைவு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்தத் தொடரை யார் கேட்டார்கள் என்பதற்கு உங்களிடம் டேட்டா இருக்கும். வயது, ஊர், போன் மாடல், எந்த நிமிடத்தில் நிறுத்தினார்கள் என்பது வரை இருக்கும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எனக்கு வீடு அல்சூரில். அப்பா இன்னும் தங்கவயலில், தொழிலாளிகளுக்குக் கட்டிய பழைய லைன் வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை போய்விட்டுத் திங்கட்கிழமை விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் திரும்புவேன். அந்த ரயிலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சுரங்கம் மூடியதற்குப் பிறகு தங்கவயலுக்குச் சோறு போடுவது அந்த ரயில்தான். ஐடி கம்பெனிகளில் தரை துடைப்பவர்கள், அடுக்குமாடி வீடுகளில் சமைப்பவர்கள், செக்யூரிட்டி வேலைக்காரர்கள், கார்மென்ட்ஸில் தைக்கும் பெண்கள், கடைகளில் கணக்கு எழுதுபவர்கள் எல்லோரும் இருட்டோடு ஏறி ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் கன்டோன்மென்ட்டிலும் இறங்கி, மறுபடி இருட்டியதும் ஏறுவார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு.

அந்தப் பெட்டியில் உங்கள் தொடர் ஓடியது. ஒருத்தர் போன், ஸ்பீக்கரில். சுற்றி ஆறு பேர், நிற்பவர்களைச் சேர்த்தால் எட்டு பேர். ஆப்பில் எபிசோடைத் திறக்கும் நாணயங்களை வாங்க மாதாமாதம் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டுக்கொள்வார்கள். பங்காருப்பேட்டைக்கும் மாலூருக்கும் நடுவில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், முந்தின இரவே வீட்டில் டவுன்லோடு செய்து வைப்பது ஒரு பெண்ணின் பொறுப்பு. உங்கள் கணக்கில் அது ஒரு நேயர். அவர்களில் இரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்குக் காது வழியாக வருவதுதான் கதை, வேறு வழி கிடையாது.

அவர்கள் சும்மா கேட்டுவிட்டு இறங்கிப் போகிறவர்களும் இல்லை. ஒன்பதாவது எபிசோடில் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதும். அதைக் கேட்டதும் ஓர் அம்மா, "இது நம்ம மைன்ஸ் சங்கே இல்ல. இது ஏதோ மில்லு சங்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். அன்றைக்கு அலுவலகத்துக்கு வந்து ஒலிப்பதிவுத் தம்பியிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் மெனக்கெட்டு, பழைய ஆட்கள் நாலைந்து பேரை போனில் கேட்டு, இது சரி என்று அவர்கள் சொல்லும்வரை மாற்றினார். அவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். உங்கள் தொடருக்கு உயிர் வந்தது அப்படித்தான். லைன் வீட்டுக் குழாயடிச் சண்டை, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டில் இருந்து காற்றில் வந்து சோற்றில் விழும் தூசி, நிலத்தடியில் பாறை வெடித்து ராக் பர்ஸ்ட் நடந்தால் மேலே வீட்டில் பாத்திரம் குலுங்குவது, குலுங்கியதும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடுவது என்று நான் எழுதிய எதையும் நான் கற்பனை செய்யவில்லை. அந்த ரயிலிலும் எங்கள் லைனிலும் கேட்டு வாங்கியவைதான். கொடுத்தவர்கள் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. கதையில் வருகிறது, அது போதும் என்றார்கள்.

என் அப்பாவும் கொடுத்தார். சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். தரையில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 1880இல் வெள்ளைக்காரக் கம்பெனி தோண்டத் தொடங்கிய தங்கவயலை 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடியபோது அவருக்கு வயது 54. இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை, கண் நீர் அழுத்தம். பகல் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தொடர் தொடங்கியபோது அவருக்காகவே ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன். முதல் எபிசோடில் கேஜ் இறங்கும் காட்சியைக் கேட்டுவிட்டு, "மணி தப்பும்மா" என்றார். கேஜை இயக்குபவருக்கு மணியில்தான் செய்தி போகும், ஆள் இறங்கினால் ஒரு கணக்கு, கல் ஏறினால் ஒரு கணக்கு, அடிபட்டவர் வந்தால் ஒரு கணக்கு என்று கட்டில் சட்டத்தில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். அதை வைத்துத்தான் கதையின் முக்கியமான முடிச்சையே போட்டோம். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட தகப்பன் உயிரோடு இருக்கிறானா என்பதற்கான தடயம் மணிச் சத்தத்தில்தான் இருக்கிறது. 146 எபிசோடும் கேட்டவர்களுக்கு அந்த மணிக்கணக்கு மனப்பாடம். ரயிலில் சின்னப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தட்டி விளையாடுவதை நானே பார்த்தேன்.

அந்த மணிச் சத்தத்தைத்தான் கேமில் திரையின் மூலையில் மின்னும் ஒரு மஞ்சள் விளக்காக மாற்றிவிட்டீர்கள். காதில் விதைத்ததைக் கண்ணில் அறுத்திருக்கிறீர்கள். மூன்று வருடம் காதைப் பழக்கிக்கொண்டவர்கள் கடைசி நேரத்தில் என்ன செய்வார்கள் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவராவது கேட்டாரா?

கேமில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 146ஆவது எபிசோடு வந்த வாரம் ஊருக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "கீழ எறங்குச்சே, அந்தப் பொண்ணு என்னாச்சும்மா?" எழுதிய எனக்கே தெரியாது என்றால் அவர் நம்பவில்லை. உனக்குத் தெரியாமலா, எனக்குச் சொல்லக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களா என்றார். உண்மையில் ஒலித்தொடரோடு என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. முடிவை எழுதியது கேம் பிரிவு. எங்களுக்கு அதைக் காட்டவே இல்லை.

என் போனில் கேம் இறங்கவில்லை, இடம் போதவில்லை. அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், அவன் போன் புதிது. அவனைக் கூட்டி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தேன். அவன் விளையாடுவான், திரையில் வரும் ஆங்கிலத்தை நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். இப்படி மூன்று சாயங்காலம் போனது. முதல் நாள் அவன் தவறான சுரங்கப் பாதையில் திரும்பிவிட்டான். பாறை வெடித்தது, இளையவள் நசுங்கினாள், திரை சிவப்பானது. நான் சொல்லி முடித்ததும் அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பதறிப்போய், "ஒண்ணும் இல்ல தாத்தா, திரும்ப ஆடலாம். அவளுக்கு மூணு உயிர் இருக்கு" என்றான்.

"சுரங்கத்துல யாருக்குடா மூணு உயிர்?" என்றார் அப்பா. அப்புறம் அன்றைக்கு அவர் பேசவே இல்லை.

அவரோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்களில் திரும்பி ஏறாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எல்லாம் அவர் இன்னும் வரிசையாகச் சொல்வார். கேம் என்ற ஊடகத்தை நான் குறை சொல்லவில்லை. விளையாடுபவரே பாதையைத் தேர்ந்தெடுப்பது, தன் தேர்வின் பலனைத் தானே சுமப்பது எல்லாம் கேமுக்கு மட்டும் உள்ள பலம், ஒலித்தொடரில் அதை என்னால் செய்ய முடியாது. அந்தப் பலத்தைக் கொண்டு கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜினை ஓட்டுபவரின் ஒரு ராத்திரியை விளையாட வைத்திருக்கலாம். மணியைக் கேட்டுக் கேஜை இயக்க வேண்டும், ஒரு மணி தப்பினால் என்ன ஆகும் என்ற பயத்தோடு. நீங்கள் ஊடகத்துக்கு ஏற்ற கதையைத் தேடவில்லை. கதையின் முடிவைப் பிய்த்து எடுத்து, புதிய கடையின் வாசலில் மாட்டியிருக்கிறீர்கள்.

இது தவறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். எழுத வந்த புதிதில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தீர்கள். ஹென்றி ஜென்கின்ஸ் என்ற ஊடக ஆய்வாளர் 2003இல் எழுதிய கட்டுரையையும் 2006இல் வந்த அவருடைய புத்தகத்தையும் வைத்து விளக்கினீர்கள். ஒரே கதையை நாவலாகவும் படமாகவும் திரும்பச் சொன்னால் அது தழுவல். பலதளக் கதையில் ஒரே கதையுலகத்தின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு ஊடகங்கள் சொல்லும், ஒவ்வொன்றும் தனக்குக் கைவந்த வேலையைச் செய்யும் என்றீர்கள். எனக்கு அதெல்லாம் புதிது, ஆசையாகக் கேட்டுக்கொண்டேன். அதே நாளில் சொன்ன இன்னொரு விஷயத்தை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு பகுதியும் தன் காலில் நிற்க வேண்டும். படம் பார்க்காதவருக்கும் கேம் பிடிக்க வேண்டும், கேம் ஆடாதவருக்கும் படம் புரிய வேண்டும். ஜென்கின்ஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

உதாரணத்துக்கு நீங்கள் காட்டியது மேட்ரிக்ஸ். 2003இல் இரண்டாவது படமும் அதோடு சேர்ந்த கேமும் ஒரே சமயத்தில் வந்தன, அனிமேஷன் குறும்படங்களும் அந்த வருடம் வந்தன. ஒரு கப்பல் அழியும் முன் அனுப்பும் எச்சரிக்கை குறும்படத்தில் கிளம்பி, கேமில் கைமாறி, படத்துக்கு வந்து சேரும். ஆனாலும் அந்த எச்சரிக்கை என்ன, இயந்திரங்கள் தங்கள் நகரத்தை நோக்கித் தோண்டுகின்றன என்பதைப் படத்திலேயே ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்லிவிடும். குறும்படத்தையோ கேமையோ தொடாதவருக்கும் அந்தச் செய்தி தெரிந்துவிடும். அப்படிச் செய்தும், படத்தை மட்டும் பார்த்த பலர் நிறைய இடத்தில் ஓட்டை தெரிகிறது என்று வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு நீங்களே சொன்னீர்கள்.

உண்மையில் இதைக் கற்றுக்கொள்ள அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். என் அம்மாவின் ஊர் செய்யாறு பக்கம். தங்கவயலுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களில் நிறையப் பேர் அந்த வட ஆற்காட்டுச் சீமைக்காரர்கள். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். மதியம் பிரசங்கியார் உட்கார்ந்து பாரதத்தைப் பாட்டும் உரையுமாகச் சொல்வார். ராத்திரி கூத்து, விடிய விடிய நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், மேலே இருந்து அவர் போடும் பிரசாதத்துக்காகக் கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் பெரிய துரியோதனன் படுத்திருப்பான். பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து சண்டை போடுவார்கள், தொடையில் அடி விழும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி. ஒரே கதை. சொல்லாக ஒரு தடவை, ஆட்டமாக ஒரு தடவை, மரமாக, மண்ணாக, நெருப்பாக. ஒவ்வொன்றிலும் மற்றதில் கிடைக்காத ஏதோ ஒன்று இருக்கும்.

என் ஆயா ஒரு நாளும் கூத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்ததில்லை. விடியற்காலையில் மாடு கறக்க வேண்டும், சாமத்துக்கு மேல் கண் விழிக்க முடியாது. மதியப் பிரசங்கத்தைக் கேட்பார், ராத்திரி திண்ணையில் படுத்தபடி தூரத்தில் கேட்கும் பாட்டைக் காதில் வாங்கிக்கொள்வார், படுகளத்துக்குப் போவார். அவருக்குக் கதையில் ஒரு இழை விட்டுப்போனது கிடையாது. கூத்துக்குள்ளேயே பாருங்கள்: ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் நின்று தான் யார் என்று பாடித்தான் உள்ளே வரும், கூத்தை நடத்திக்கொண்டு போகும் கோமாளியான கட்டியக்காரன் அதை மறுபடி பேச்சில் கேட்டு வாங்குவான். நடுராத்திரி வந்து உட்கார்ந்தவரும் ஐந்து நிமிடத்தில் கதைக்குள் வந்துவிடலாம். தாமதமாக வந்தவரை, அரைத் தூக்கத்தில் இருப்பவரை, பார்வை மங்கியவரை எல்லாம் நினைத்துக் கட்டிய அமைப்பு அது.

இந்தப் பெங்களூரிலேயே சித்திரைப் பௌர்ணமி ராத்திரி தர்மராயசுவாமி கோயிலில் இருந்து கரகம் புறப்படுகிறது. அதுவும் திரௌபதியின் கதைதான். மல்லிகைப் பூவால் மூடிய கரகத்தைத் தலையில் தாங்கி வருபவர், கூடவே வாள் ஏந்தி வரும் வீரகுமாரர்கள், நடுவில் மஸ்தான் தர்காவுக்குள் போய்விட்டு வருவது என்று ஊர்வலமே கதை சொல்லும். தெருவோரம் நிற்கும் எந்த மொழிக்காரரும் ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை. உங்கள் அலுவலகத்தில் இருந்து அந்தக் கோயிலுக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

ஊடகம் மாறுவதும் நமக்குப் புதிதில்லை. வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். கண்ணுக்காக எடுத்த படத்தை, வசனத்தை மட்டும் வைத்து, காதால் கேட்டே கதை முழுவதும் புரியும்படி வெட்டிக் கொடுத்தார்கள். கொட்டகைக்குப் போகக் காசில்லாத எங்கள் லைனில் ஒரு ரேடியோவைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து படம் கேட்டோம். கடைசிக் காட்சி வரைக்கும் வரும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் முன்கதைச் சுருக்கம் போட்டார்கள். நடுவில் ஒரு வாரம் பத்திரிகை வாங்க முடியாதவரை அவர்கள் நினைத்துப் பார்த்தார்கள்.

உங்கள் தரப்பில் ஒருவர் போனில் பேசும்போது பாட்டுப் புத்தகத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போடவில்லையா, நாங்கள் செய்ததும் அதுதானே என்றார். நல்ல கேள்வி, யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். பாட்டுப் புத்தகம் ஓர் அழைப்பு. வாங்கும்போதே அதில் பாதிதான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். படமும் அதே மொழியில், அதே கொட்டகையில் ஓடும். புத்தகத்தை மூன்று வருடம் மாதாமாதம் காசு கட்டி யாரும் படிக்கவில்லை. உங்கள் ஒலித்தொடர்தான் கதை என்று முதல் நாளில் இருந்து நீங்கள் விளம்பரம் செய்தீர்கள். அதுதான் எங்களுக்கு வெள்ளித்திரை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, மீதியை வேறு ஊரில் வேறு பாஷையில் காண்க என்றிருக்கிறீர்கள்.

தமிழ் நேயர்கள் கேமுக்கு மாறுவது குறைவு, அதனால் தமிழில் செய்வது கட்டுப்படியாகாது என்றும் அவர் சொன்னார். தமிழே இல்லாத கேமுக்குத் தமிழ் நேயர்கள் எப்படி மாறுவார்கள்? அப்புறம், நான் கேட்பது தமிழில் கேம் வேண்டும் என்பது மட்டும் இல்லை. பத்துப் பன்னிரண்டு எபிசோடு ஒலித்தொடரும்தான். குரல் கொடுத்த நான்கு பேரும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், மணிச் சத்தம் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. மூன்று ஊடகத்திலும் செலவு குறைந்தது ஒலிதான் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் நீங்கள்தான்.

இளைய தலைமுறை கேமில்தான் இருக்கிறது என்ற வாதத்துக்கு நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. அக்கா மகன் இளையவன்தான். மூன்றாவது நாள் முடிவைத் தொட்டதும் அவன் என்னிடம் கேட்டது, "சித்தி, இதைத் தாத்தா நேரா கேக்குற மாதிரி ஏன் செய்யல?"

முடிவு என்ன என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதை அந்தப் பெண்ணின் குரலில்தான் கேட்க வேண்டும், என் கடிதத்தில் படிக்கக்கூடாது. நல்ல முடிவு. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

எனவே, நான் கேட்பவை.

தொடரின் முடிவைத் தமிழ் ஒலியில் வெளியிடுங்கள், கேஜ் இறங்கிய இடத்தில் இருந்து. எத்தனை எபிசோடு என்பதை நீங்கள் தீர்மானியுங்கள், பத்துக்குக் குறைந்தால் அவசரமாக முடித்தது போல் ஆகிவிடும் என்பது என் எண்ணம். மணியின் முடிச்சை மணிச் சத்தத்திலேயே அவிழுங்கள். நான் எழுதித் தருகிறேன், இதற்குச் சம்பளம் வேண்டாம். குரல் கலைஞர்களுக்கும் ஒலிப்பதிவுத் தம்பிக்கும் மட்டும் உரிய சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு வீட்டு வாடகை இருக்கிறது. இந்த எபிசோடுகளுக்கு நாணயப் பூட்டு போடாதீர்கள். 146 எபிசோடுக்கும் பணம் கட்டியவர்கள் முடிவுக்கும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

கேமிலும் வீடியோவிலும் தமிழைச் சேர்க்க எவ்வளவு காலம் ஆகும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். பார்வை இல்லாதவர்கள் கேமைக் காதால் ஆடும்படி செய்யவும் திட்டம் இருக்கிறதா, இல்லையா என்பதைச் சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே சொல்லலாம்.

ராக் பர்ஸ்டில் சாகும் காட்சியில் இருந்து அந்த மூன்று உயிர்களை எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் தங்கவயலுக்கு ஒரு தடவை வாருங்கள். பழைய தொழிலாளிகள் நாலைந்து பேரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்கிறேன், அப்பாவும் இருப்பார். அவர்கள் விளையாட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எப்படிச் செய்யலாம் என்று சொல்வார்கள். சங்குச் சத்தத்துக்குச் சொன்னது போலவே.

அடுத்த தொடர் தொடங்கும்போது, முதல் எபிசோடிலேயே, இந்தக் கதை எந்தெந்த ஊடகத்தில் போகும், எந்த மொழியில் எதுவரை கிடைக்கும் என்று நேயர்களிடம் சொல்லிவிடுங்கள். தொடங்கிய ஊடகத்தில், தொடங்கிய மொழியில் கதையை முடிப்போம் என்பதை எழுத்தாளர் ஒப்பந்தத்திலும் சேருங்கள். மற்ற ஊடகங்களில் கிளைக்கதை சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரியின் கதையைச் சொல்லுங்கள், தகப்பனின் இளமைக் காலத்தைச் சொல்லுங்கள், ஆயிரம் சொல்லுங்கள். யாரும் தடுக்கவில்லை.

பதிலை எனக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். ஆப்பில் 146ஆவது எபிசோடுக்கு அடுத்து, ஒரு நிமிடத் தமிழ் ஒலியாகப் போடுங்கள். மாரிக்குப்பம் ரயிலில் டவுன்லோடு பொறுப்பில் இருக்கும் பெண் இன்னும் தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தைத் திறந்து, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள்.

உங்கள் தொடருக்குத் தமிழ் எழுதியவள்,
அல்சூர், பெங்களூரு